படகு வாங்கிய படலம்

எனக்கு நீந்தத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது உத்தமம். மதுரையில் பிறந்தவனுக்கு நீச்சல் தெரியாமற் போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. வைகையில் நீந்த வேண்டுமானால் முதலில் வைகையில் தண்ணீர் வர வேண்டும். படகைப் பற்றி எனக்கிருந்த ஞானமெல்லாம் தைப்பூசத்தன்று மாரியம்மன் தெப்பக்குளத்தில் சம்பாதித்ததுதான். சுவாமியும் அம்பாளும் தெப்பத்தில் வீற்றிருப்பார்கள். கரையில் நிற்கும் ஜனங்கள் வடம் பிடித்து இழுப்பார்கள். தெப்பம் அசைந்து அசைந்து குளத்தைச் சுற்றி வரும். மனிதன் கயிற்றைப் பிடித்துப் படகை இழுப்பதுதான் உலக நியாயம் என்று வெகு காலம் நம்பிக்கொண்டிருந்தேன். படகு கயிற்றைப் பிடித்து மனிதனை இழுக்கும் தேசமும் ஒன்று உண்டு என்பது, 2025-ஆம் வருஷத்துக் கோடையில் மகள் வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது.

மகளும் மாப்பிள்ளையும் அமெரிக்காவில் மினசோட்டா மாகாணத்தில் இருக்கிறார்கள். பதினாயிரம் ஏரிகளின் நாடு என்று அதற்குப் பெயர். இது அடக்கத்தினால் சொன்னது. பத்து ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகளை மட்டும் எண்ணினாலே 11,842 இருக்கின்றன. குளிர்காலத்தில் இந்த ஏரிகள் உறைந்து, அவற்றின் மீது ஜனங்கள் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறார்கள். பனி கரைந்ததும் அதே ஜனங்கள் படகை இறக்கிவிடுகிறார்கள். எதிர் வீட்டிலும் படகு, பக்கத்து வீட்டிலும் படகு. நம் வீட்டில் மட்டும் இல்லையே என்று பேரப் பிள்ளைகள் இரண்டு வருஷமாகச் சத்தியாக்கிரகம் செய்து வந்தார்களாம்.

"இந்த வருஷம் வாங்கிவிடுவது என்று தீர்மானித்துவிட்டோம், மாமா. உங்கள் அபிப்பிராயமும் வேண்டும்" என்றார் மாப்பிள்ளை.

என் நாவல் ஒன்றில் படகு ஒன்று கவிழ்கிறது. அதைப் படித்த தோஷத்தினால் என்னை நிபுணன் என்று நினைத்துவிட்டார் போலும். எனக்குப் படகைக் கவிழ்த்துப் பழக்கமே தவிர, வாங்கிப் பழக்கமில்லை. இருந்தாலும் அபிப்பிராயம் கேட்டால் இல்லை என்று சொல்கிற ஜாதி எழுத்தாளர் ஜாதி அல்ல. "பேஷாக!" என்றேன்.

குடும்பத்துக்கு ஒரு படகு என்று சொல்வது சுலபம். ஆனால் குடும்பம் என்பது ஐந்தாறு பேர். ஐந்தாறு பேருக்கும் ஐந்தாறு ஆசைகள். மாப்பிள்ளைக்கு நீர்ச்சறுக்கு. காலில் பலகையை மாட்டிக்கொண்டு, 75 அடிக் கயிற்றின் முனையைப் பிடித்துக்கொண்டு, மணிக்கு 30 மைல் வேகத்தில் தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு போவது. பேத்திக்குப் பதினைந்து வயது, அவளுக்கு வேக்சர்ஃப். படகு மெதுவாக, பத்துப் பதினொரு மைல் வேகத்தில் போகும்போது பின்னால் எழும்பும் பெரிய அலையின் மேல் பலகை போட்டு நிற்பது. பழகிவிட்டால் கயிற்றைக்கூட விட்டுவிடலாமாம். பேரனுக்கு ஒன்பது வயது. காற்றடைத்த பெரிய ட்யூபில் குப்புறப் படுத்துக்கொண்டு அலற வேண்டும். மகளுக்குக் கடன் ஏறக் கூடாது. என் மனைவிக்கு, ஏறி இறங்க ஒரு படியும், தயிர் சாதப் பாத்திரம் கவிழாமல் வைக்க ஓரிடமும்.

விசித்திரம் என்னவென்றால், இந்த ஆசைகள் ஒன்றுக்கொன்று ஜன்ம விரோதிகள். நீர்ச்சறுக்குக்காரர்களுக்குப் படகின் பின்னால் அலையே இருக்கக் கூடாது. தாம்பாளம் போல் தண்ணீர் மட்டமாக இருக்க வேண்டும். வேக்சர்ஃப்காரர்களுக்கோ அலை மலைபோல் எழும்ப வேண்டும். அதற்காகப் படகின் வயிற்றில் தொட்டிகள் கட்டி, ஏரித் தண்ணீரையே உறிஞ்சி நிரப்பி, படகைக் கனமாக்கி, பின்பக்கம் அமுங்கச் செய்கிறார்கள். படகில் தண்ணீர் புகுந்தால் இறைத்து வெளியே கொட்ட வேண்டும் என்றுதான் நான் கேள்விப்பட்டிருந்தேன். இங்கே பணம் கொடுத்து உள்ளே புகுத்துகிறார்கள்!

அந்த அலையால் ஊர்ச்சண்டையும் உண்டு. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தார் 2022-இல் அளந்து பார்த்துச் சொன்னார்கள்: சாதாரணப் படகின் அலை 200 அடி தூரத்தில் எவ்வளவு தணிகிறதோ, அவ்வளவு தணிய இந்தப் பெரிய அலைக்கு 500 அடிக்கு மேல் வேண்டும் என்று. கரை அரிக்கிறது, கட்டிய படகுகள் முட்டிக்கொள்கின்றன என்று கரையோரத்து வீட்டுக்காரர்கள் பல்லைக் கடிக்கிறார்கள். வாய்க்கால் வரப்புத் தகராறு நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை.

படகுக் கடைக்குப் போனோம். அங்கே நின்ற புதுப் படகுகளின் பளபளப்பைப் பார்த்தால் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டோமோ என்று தோன்றிற்று. விலையைக் கேட்டதும் சந்தேகம் தீர்ந்துவிட்டது. கல்யாணம் இவ்வளவு ஆகாது. அலை எழுப்பும் புதுப் படகு ஒன்று சர்வ சாதாரணமாக லட்சம் டாலரைத் தாண்டுகிறது. மகள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார்.

வந்ததற்கு ஒரு பாடம் கற்றுக்கொண்டு திரும்பினோம். படகுகளை வகை பிரிப்பது, எஞ்சின் எங்கே இருக்கிறது, தண்ணீரைத் தள்ளும் புரொப்பெல்லர் எங்கே சுழல்கிறது என்ற இரண்டு கேள்விகளால்தான். அவுட்போர்டு என்பது, எஞ்சினும் புரொப்பெல்லரும் சேர்ந்து படகின் பின்னால் வெளியே தொங்குவது. ஸ்டெர்ன்டிரைவ் என்பதில் எஞ்சின் உள்ளே பின்பக்கம். புரொப்பெல்லர் மட்டும் வெளியே வாலைப் போல நீட்டிக்கொண்டிருக்கும். விலை மலிவு, திருப்புவது சுலபம், உட்கார இடமும் தாராளம். மூன்றாவது, எஞ்சின் படகின் நடுவிலேயே இருந்து, புரொப்பெல்லர் அடிவயிற்றில் சுழல்வது. அலை குறைவு, நீர்ச்சறுக்குக்கு உத்தமம். ஆனால் கூடத்தின் நடுவே ஆட்டுக்கல் போட்ட மாதிரி எஞ்சின் பெட்டி மறித்துக்கொண்டிருக்கும். நாலாவது வி-டிரைவ். எஞ்சினைப் பின்னால் தள்ளி, திருப்பி வைத்து, சுழல் தண்டை மடக்கி அடிவயிற்றுக்குக் கொண்டுவந்திருப்பார்கள். நடுவில் இடம் கிடைக்கும். அலையும் பெரிதாக எழும். 2015-இல் இன்னொரு தினுசும் வந்தது; ஸ்டெர்ன்டிரைவின் புரொப்பெல்லரை முன்பக்கம் பார்க்கத் திருப்பி, படகுக்கு அடியில் ஒதுக்கிவிட்டார்கள்.

இத்தனையும் கேட்டபோது எனக்கு இது எஞ்சினியர்களின் விவகாரம் என்றுதான் பட்டது. இல்லை என்று தெரிந்தது லேக் சிட்டியில்.

லேக் சிட்டி என்பது மிஸிஸிபி நதி அகன்று பெப்பின் ஏரியாகப் பரந்து கிடக்கும் இடத்தில் உள்ள சிற்றூர். அங்கே ஒருவர் பழைய ஸ்டெர்ன்டிரைவ் படகை விற்பதாகச் செய்தி கிடைத்துப் போனோம். நீர்ச்சறுக்கு பிறந்த ஊர் தங்களுடையது என்பதில் அவ்வூராருக்கு ஏகப் பெருமை. பெருமைக்குக் காரணமும் இருக்கிறது. 1922-இல் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற பதினெட்டு வயதுப் பையனுக்கு, பனியில் சறுக்குவதைப் போலத் தண்ணீரிலும் சறுக்கினால் என்ன என்று தோன்றியது. பீப்பாய்ப் பலகையைக் காலில் கட்டிப் பார்த்தான், முழுகிப்போனான். பனிச்சறுக்குப் பலகையைக் கட்டிப் பார்த்தான், அதுவும் முழுகிற்று. கடைசியில் எட்டடி நீளம், ஒன்பது அங்குல அகலத்தில் இரண்டு பைன் பலகைகளை வாங்கி, நுனியைக் கொதிக்கும் நீரில் வேகவைத்து மேல்நோக்கி வளைத்தான். ஜூலை 2-ஆம் தேதி, பலகை நுனிகளைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, உடம்பைப் பின்னால் சாய்த்தபோது எழுந்து நின்றுவிட்டான். மறுநாள் அவனுக்குப் பத்தொன்பதாவது பிறந்த நாள். அவன் அதற்குப் பேடண்டும் வாங்கவில்லை, பணமும் பண்ணவில்லை. 1925-இல் வேறொருவர் நீர்ச்சறுக்குப் பலகைக்குப் பேடண்ட் எடுத்தார். முதலில் சறுக்கியவர் சாமுவேல்சன்தான் என்று அமெரிக்க நீர்ச்சறுக்குச் சங்கம் ஒப்புக்கொண்டது 1966-இல்.

இந்தக் கதையில் எனக்கு இன்னொரு பேர்வழியின் மேல்தான் மனசு போயிற்று. சாமுவேல்சனின் அண்ணன் பென். தம்பியைப் படகில் கட்டி இழுத்தவர் அவர். தம்பி முழுக முழுக, ஒவ்வொரு தடவையும் படகைத் திருப்பிக்கொண்டு போய்த் தூக்கியிருக்க வேண்டுமே! முன்னால் ஏரியையும் பார்த்து, பின்னால் தம்பியையும் பார்த்து, அந்த மனிதர் என்ன பாடுபட்டிருப்பார்? அன்று இதை வேடிக்கையாகத்தான் நினைத்தேன்.

விற்கிறவர் படகைத் தட்டிக் காட்டி, "இதில் செய்ய முடியாதது ஒன்றுமே கிடையாது" என்றார்.

"வேக்சர்ஃப்?" என்றாள் பேத்தி.

"தாராளமாக!"

பேத்தி குனிந்து படகின் பின்பக்கத்தைப் பார்த்தாள். அந்த ஜூலையிலிருந்து மினசோட்டாவில் இளவயதினர் மோட்டார் படகு ஓட்டப் பாடம் படித்து அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. அதற்காகப் படித்த சூடு அவளுக்கு ஆறவில்லை. என்னைத் தனியே அழைத்துக்கொண்டு போனாள்.

"தாத்தா, சர்ஃப் பண்றவங்க படகுக்கு ரொம்பக் கிட்டத்திலே நிப்பாங்க. முன்னாலே விழுந்தா நேரே அங்கேதான் போவாங்க" என்று, வெளியே நீட்டிக்கொண்டிருந்த புரொப்பெல்லரைக் காட்டினாள். "அவுட்போர்டு, ஸ்டெர்ன்டிரைவ் இரண்டுக்கும் பின்னாலே சர்ஃப் பண்ணவே கூடாது."

அந்தப் பித்தளை இதழ்களைப் பார்த்தேன். விற்கிறவர் பொய் சொன்னாரா, அறியாமல் சொன்னாரா என்பது பகவானுக்குத்தான் வெளிச்சம்.

ஆனால் விலை மலிவு. மலிவு என்பது மனிதனை என்னென்னவோ நினைக்க வைக்கும். வீடு திரும்பும் வழியில், வேக்சர்ஃப் இல்லாவிட்டால் போகிறது, ட்யூபும் சறுக்கும் போதாதா என்று சமாதானம் பேசிக்கொண்டோம். எதற்கும் அதே மாதிரிப் படகொன்றை அரை நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை காலை ஏரிக்குப் போனோம். பத்தொன்பது அடிப் படகு. 20 அடிக்குக் குறைந்த படகுகளில், இத்தனை பேர், இத்தனை பவுண்டு என்று தகடு பதித்திருக்கிறார்கள். நாங்கள் ஆறு பேரும் கூட்டிக் கழித்து, தயிர் சாதத்தையும் சேர்த்துச் சரிபார்த்த பிறகே புறப்பட்டோம். ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் எஞ்சின் தானே நின்றுபோக, மாப்பிள்ளை ஒரு சிவப்புக் கயிற்றைத் தொடையில் மாட்டிக்கொண்டார். தும்பில் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி இருந்தது. 2021-லிருந்து இதுவும் சட்டம்.

இன்னொரு சட்டமும் உண்டு. ஆளை இழுத்துக்கொண்டு போகும்போது பின்னால் பார்க்கத் தகுந்த கண்ணாடி இருக்க வேண்டும். இல்லையேல், ஓட்டுகிறவரைத் தவிர இன்னொருவர் பின்னால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் படகில் கண்ணாடி இல்லை.

"நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். மற்றவர்களுக்கெல்லாம் ஏதோ ஒரு வேலை இருந்தது; எனக்கும் ஒன்று வேண்டாமா?

பேத்தி எனக்குச் சைகைகளைக் கற்றுக் கொடுத்தாள். கட்டை விரல் மேலே என்றால் வேகம் கூட்டு. கீழே என்றால் குறை. கழுத்தில் கையை அறுப்பது போல் காட்டினால் நிறுத்து. விழுந்த பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கோத்துக் காட்டினால், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தம். பேரன் எல்லாவற்றையும் ஒரு தடவை செய்து காட்டிவிட்டு, லைஃப் ஜாக்கெட்டுடன் ட்யூபில் ஏறிப் படுத்தான்.

முதல் சுற்று பிரமாதமாக நடந்தது. அவன் அலறினான், நான் கையசைத்தேன். ஆனால் படகிலுள்ள ஆசனங்களெல்லாம் முன்னால் பார்த்தே இருந்தன. பின்னால் பார்க்க நான் கழுத்தைத் திருகிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. இரண்டாவது சுற்றில் கழுத்து வலித்தது. சற்றுத் திரும்பினேன். அப்போது இடது பக்கத்தில் ஒரு லூன் பறவையைக் கண்டேன். கறுப்புத் தலை, சிவப்புக் கண், முதுகிலே வெள்ளைப் புள்ளிகள். அந்த மாகாணத்தின் பறவை அது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீருக்குள் முழுகிவிட்டது. எங்கே முழுகுகிறதோ அங்கே எழும்பாது, வெகு தூரம் தள்ளித்தான் தலை காட்டும் என்று படித்திருந்தேன். எங்கே எழும்பப் போகிறது என்று தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

அது எழும்பிற்று. திருப்தியுடன் பின்னால் திரும்பினேன்.

கயிறு இருந்தது. ட்யூப் இருந்தது. குழந்தை இல்லை.

"நிறுத்துங்கோ!" என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. எஞ்சின் இரைச்சல். மாப்பிள்ளையின் தோளைப் பிடித்து உலுக்கினேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. முன்வரிசையில் காற்று வாங்கிக்கொண்டிருந்த மகள் எழுந்து நின்றாள்.

வந்த வழியே திரும்பினோம். தண்ணீரில் ஒரு குழந்தையின் தலை எவ்வளவு சிறியது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஒரு தேங்காய் அளவுதான். அலையின் பள்ளத்தில் அதுவும் மறைந்துபோகும். தூரத்தில் வேறொரு படகு குறுக்கே வந்துகொண்டிருந்தது. முதலில் கண்டுபிடித்தவள் பேத்தி. "அதோ! ஆரஞ்சு!" என்றாள். லைஃப் ஜாக்கெட்டின் நிறம்.

மாப்பிள்ளை எஞ்சினை நிறுத்திவிட்டுப் படகைத் தானே மிதந்து போகவிட்டார். குழந்தையைத் தூக்கி ஏற்றினோம். அவனுக்கு ஒன்றுமில்லை. மூக்கில் போன தண்ணீரைத் தும்மிவிட்டு, என்னைப் பார்த்தான்.

"தாத்தா, நான் ரெண்டு கையையும் தூக்கிக் காட்டிண்டே இருந்தேனே. நீங்க பார்க்கலையா?"

கழுத்து வலித்தது உண்மைதான். ஆனால் நான் பறவை பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அதைவிடப் பெரிய உண்மை. எதையும் சொல்லவில்லை.

அன்று ராத்திரி யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பேத்தி ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டாள். மணிக்கு 15 மைல் என்றால் வினாடிக்கு 22 அடி. அரை நிமிஷத்தில் 660 அடி. என்னைக் குற்றம் சாட்டப் போட்ட கணக்கல்ல. அவளுக்கு நடுக்கம் தீரவில்லை, அவ்வளவுதான். என் மனைவி என்னைத் திட்டவில்லை. நாற்பத்தைந்து வருஷத் தாம்பத்தியத்தில் அவள் திட்டியிருக்க வேண்டிய சமயத்தில் திட்டாமல் விட்ட சந்தர்ப்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவை ஒன்றையும் நான் மறந்ததில்லை.

"படகே வேண்டாம்" என்றாள் மகள்.

இரண்டு நாள் அப்படியே கிடந்தது. மூன்றாம் நாள் மாப்பிள்ளை மெதுவாகப் பேச்செடுத்தார். "படகு வேண்டுமா வேண்டாமா என்பது இருக்கட்டும். வாங்கினால் பின்னால் பார்க்கிற வேலையை மாமாவுக்குக் கொடுக்க வேண்டாம். அவருக்குச் சிரமம்." எவ்வளவு கௌரவமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு கௌரவமாகச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

"தாத்தாவே இருக்கட்டும்" என்றான் பேரன். "இனிமே அவர் வேற எங்கேயும் பார்க்க மாட்டார்."

அதன் பிறகு படகு வாங்குவதைப் பற்றிய எங்கள் யோசனையே மாறிவிட்டது. முன்பு மாப்பிள்ளை எழுதி வைத்திருந்த பட்டியலில் குதிரை சக்தி முதலாவது, அலை இரண்டாவது, விலை மூன்றாவது. இப்போது அதைக் கிழித்துப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார். ஒன்று, பின்னால் பார்க்கிறவர் எங்கே உட்காருவார்? இரண்டு, ஓட்டுகிறவருக்குக் கண்ணாடி உண்டா? மூன்று, குழந்தை ஏறுகிற இடத்துக்கும் புரொப்பெல்லருக்கும் எவ்வளவு தூரம்? குதிரைகளெல்லாம் கடைசிக்குப் போய்விட்டன.

இந்தப் பட்டியலோடு போனபோது மலிவான ஸ்டெர்ன்டிரைவ் தானாகவே கழன்றுகொண்டது. புதிதின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு, பழைய வி-டிரைவ் ஒன்று கிடைத்தது. இருபத்தோரடி. காற்றுத் தடுப்புக் கண்ணாடிக்கு மேலே, பின்னால் நடப்பதைக் காட்டும் அகலமான கண்ணாடி. ஓட்டுகிறவருக்கு இடப்பக்கத்தில், பின்னால் பார்த்தபடியே முதுகு சாய்த்து உட்கார ஓர் ஆசனம். மற்றவர்கள் எஞ்சினைப் பார்க்கப் போனபோது நான் அதில் உட்கார்ந்து பார்த்தேன். கழுத்தை ஓர் அங்குலம்கூடத் திருப்ப வேண்டாம். பின்னால் தண்ணீர் முழுதும் கண்ணெதிரே விரிந்து கிடந்தது.

பழைய படகை வாங்குவது பழைய வீட்டை வாங்குவது போலத்தான். மெக்கானிக் ஒருவரைக் கூட்டிவந்து, எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று மீட்டரைப் பார்க்கச் சொன்னோம். அவர் தளத்தை மிதித்து எங்கேயாவது மெத்தென்று அமுங்குகிறதா என்று பார்த்தார்; எண்ணெயில் தண்ணீர் கலந்து பால் போல் வெளுத்திருக்கிறதா என்று பார்த்தார்; ஏரியில் இறக்கி ஓட்டிப் பார்த்த பிறகே தலையசைத்தார். முக்கியமாக, முந்தைய குளிர்காலங்களில் எஞ்சினிலிருந்த தண்ணீரை வடித்திருக்கிறார்களா என்று விசாரித்தார். வடிக்காவிட்டால் அது உறைந்து, விரிந்து, இரும்பையே பிளந்துவிடுமாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. மாப்பிள்ளை விரும்புகிற அளவுக்குத் தண்ணீர் மட்டமாக இருப்பதில்லை. பின்னோக்கிப் போகச் சொன்னால் இந்த ஜாதிப் படகு தன் இஷ்டத்துக்கு ஒரே பக்கமாகத் திரும்புகிறது. துறையில் கட்டுவதற்குள் அவருக்கு வியர்த்துவிடுகிறது. எங்கள் காரால் இழுக்க முடியாத கனம் என்பதால் துறையிலேயே வாடகைக்கு இடம் பிடிக்க வேண்டியிருந்தது. பேத்தி அலைமேல் நிற்பதென்றால், நாலு பக்கமும் கரை தூரமாக இருக்கும் நடு ஏரிக்குத்தான் போகிறோம்.

புரொப்பெல்லர் அடியில் இருக்கிறதே என்று அசட்டையாக இருக்கக் கூடாது என்று மெக்கானிக் கண்டித்துச் சொன்னார். யாராவது படிப்பக்கம் வந்தால் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். எஞ்சின் ஓடும்போது பின்பலகையில் உட்காரவோ அதைப் பிடித்துத் தொங்கவோ கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு அங்கேதான் தேங்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மயங்கித் தண்ணீரில் விழுந்தவர்கள் எழுந்ததில்லை. அலையின் உயரத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசிய கடைக்காரர்களில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பும் வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏரிக்குப் போனோம். மாப்பிள்ளை முன்னால் பார்ப்பார். நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்னால் பார்ப்பேன். ட்யூபில் படுத்திருக்கும் பேரன் கட்டை விரலை மேலே தூக்குவான். "கொஞ்சம் வேகம்" என்பேன். விழுவான். "விழுந்தாச்சு" என்பேன், படகு உடனே வேகம் தணிந்து திரும்பும். தண்ணீருக்கு மேலே இரண்டு சின்னக் கைகள் கோத்துக்கொண்டு நிற்கும். நானும் என் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கோத்துக் காட்டுவேன். இது சட்டத்தில் இல்லை, எங்களுக்குள் ஏற்பாடு.

அந்த லூன் பறவை அப்புறம் குஞ்சைக்கூட முதுகில் ஏற்றிக்கொண்டு வந்ததாக என் மனைவி சொன்னாள். கண்கொள்ளாக் காட்சியாம். நான் பார்க்கவில்லை.